ஒரு சுண்டுத் தவிடு

ஐஸில் வைத்திருக்கும் கருவைப் பிள்ளையாகக் கணக்கில் எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று பன்விலச் சாத்திரியாரிடம் கேட்டவள் பாலம்மாதான். அந்தக் கருவுக்கு உரியவளான மூத்த மருமகள் ரஞ்சிதமலர் அப்போது பக்கத்திலேயே, பாயின் ஓரத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாத்திரியார் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குப் பல வருடமாகச் சாதகம் பார்ப்பவர். இப்படி ஒரு கேள்வி அவரிடம் வந்ததில்லை. பஞ்சாங்கத்தை மூடிக் கீழே வைத்தார்.

"எங்க இருக்கு அது?"

"கண்டியில. பிரைவேட் ஆஸ்பத்திரியில. ஒரு பொட்டிக்குள்ள."

"உசுரு இருக்கா?"

"இருக்குன்னுதான் சொல்றாங்க. எடுத்து வயித்துல வச்சா வளருமாம்."

"வச்சாங்களா?"

"ரெண்டு தரம் வச்சாங்க. நிக்கல. இது மிச்சம் கெடக்குறது."

சாத்திரியார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"உசுரு இருந்தா பிள்ளதான். அப்ப இவ பிள்ளக்காரி. பிள்ளக்காரிக்கு வித்தா அது வித்ததா ஆவாது, சும்மா வளக்கக் குடுத்த மாதிரி. தோசம் திரும்பி அப்பன் மேலயே வந்து நிக்கும்."

ரஞ்சிதமலருக்குக் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவளுக்குப் பிள்ளை உண்டு என்று அந்தக் குடும்பத்தில் ஒருவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

விற்க வேண்டிய பிள்ளை அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. பாலம்மாவின் இளைய மகன் விமலராஜுக்கும் அவன் மனைவி நிலூஷாவுக்கும் பிறந்த இரண்டாவது பெண். 2021ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த சில நாட்களில் பிறந்தது. சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். பாலம்மா முதலில் அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே கிழமையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே உள்ள வளைவில் விமலராஜின் முச்சக்கர வண்டி தண்ணீர்க் கானுக்குள் கவிழ்ந்தது. தோள்பட்டை எலும்பும் விலா எலும்பும் உடைந்தன. அதற்குப் பிறகு பாலம்மா எல்லார் பேச்சையும் காதில் வாங்கினாள்.

பரிகாரம் பழையதுதான். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது. வேறொரு பெண் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டால், அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அந்தத் தகப்பன் தகப்பன் இல்லை. தோஷம் வீடு தேடி வந்தாலும் ஆள் அகப்படாது. வாங்குகிறவள் பிள்ளை இல்லாதவளாக இருந்தால் விசேஷம். பாலம்மா மூத்த மருமகளை அழைப்பித்தது அதற்காகத்தான்.

"ஒம்மேல என்ன வந்து ஒட்டப் போவுது?" என்று அவள் அதை விளக்கினாள். "ஒட்டுறதுக்கு ஒங்கிட்ட ஒண்ணும் இல்லியே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துபோயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ரஞ்சிதமலர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். சந்திரகுமாரைக் கட்டிக்கொண்ட பிறகு திகனவில் சகீனா என்ற கைம்பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். அவன் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். அவள் பல்லேகலயில் ஒரு கார்மென்ட்ஸில் மெஷினில் உட்கார்ந்து ஆண்களின் சட்டைக்குக் கொலர் பிடித்தாள்.

முதல் சில வருடம் கோயில், நேர்த்தி, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் என்று போயிற்று. இருவரையும் சோதித்தார்கள். அவளிடமும் குறை இல்லை, அவனிடமும் குறை இல்லை என்று வந்தது. குறை இருந்திருந்தால் அதற்கு ஒரு பெயராவது இருந்திருக்கும். சொல்லிக்கொள்ளலாம், மருந்து கேட்கலாம். ஒன்றும் இல்லை என்றதால் சனங்கள் தங்களுக்குப் பிடித்த காரணத்தை வைத்துக்கொண்டார்கள். பாலம்மாவின் காரணம், மருமகள் ஆம்பிளை மாதிரி நடக்கிறாள் என்பது. தெல்தோட்டையில் இருந்த தாயின் காரணம், கலியாணத்தன்று தாலிக்கொடி ஒரு தடவை கைதவறிக் கீழே விழுந்தது.

பிறகு கண்டிப் பிரைவேட் கிளினிக். அவளுடைய நகைகள் எல்லாம் போயின. ஊசியை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அந்த நேரம் அவள் வேலையில் இருக்கும் நேரம். ஐஸ் கட்டியோடு ஒரு சின்னப் பிளாஸ்க்கில் ஊசியை வைத்துச் சோற்றுப் பையோடு கொண்டுபோவாள். கக்கூசுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, தானே போட்டுக்கொள்வாள். ஒரு நாள் வாசலில் பை சோதிக்கிறவள் பிளாஸ்க்கைத் திறந்து ஊசியை வெளியில் எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். போதைத் தூள் என்று நினைத்துவிட்டாளாம். மனேஜரின் அறையில் நின்று அது எதற்கு என்று ரஞ்சிதமலர் சொல்ல வேண்டியிருந்தது. மதியத்துக்குள் தையல் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"நமக்கெல்லாம் ஒரு டார்கட்," என்று அடுத்த மெஷின்காரி சொன்னாள். "மலருக்கு மட்டும் ரெண்டு."

வரிசையே சிரித்தது. ரஞ்சிதமலரும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் கரு ஒட்டவில்லை. இரண்டாவது ஒட்டியது. ஸ்கேனில் துடிப்புக் கூடக் காட்டினார்கள். சாம்பல் நிறத் திரையில் மினுக் மினுக்கென்று ஒரு புள்ளி. அடுத்த ஸ்கேனில் அந்தப் புள்ளி சும்மா இருந்தது. டொக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் அது போயிற்று.

பாலம்மா பன்விலயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பார்க்க வந்தாள். நாட்டுக் கோழி அடித்துக் கொண்டுவந்திருந்தாள். ரசம் வைத்துத் தானே ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, "காசு குடுத்து வச்சதையே வயித்துல புடிச்சி வச்சிக்கத் தெரியல," என்றாள்.

அதற்கு அடுத்த வருடம் நிலூஷாவுக்கு வளைகாப்பு. வளையல் போடப் பெண்கள் வரிசையில் போனபோது ரஞ்சிதமலரும் எழுந்தாள். பாலம்மா அவளுடைய முழங்கையைத் தொட்டு, மெதுவாக, "நீ பால் அடுப்பப் பாத்துக்க. பொங்கிறப் போவுது," என்றாள். அவள் போய்ப் பால் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். சடங்கு முடியும்வரை நின்றாள். பால் பொங்கவில்லை. அடுப்பே மூட்டியிருக்கவில்லை என்பதைப் போய் நின்ற பிறகுதான் கண்டாள். ஆனாலும் நின்றாள்.

அப்படிப்பட்டவளைத்தான் இப்போது பிள்ளையைத் தூக்க வா என்று கூப்பிட்டிருந்தார்கள்.

ரஞ்சிதமலர் செய்த பிழை ஒன்று உண்டு. அது அறியாமை அல்ல. அவளுக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அவள் பிறந்த லயத்தில் தவிட்டுராசு என்று ஒருவர் இருந்தார். குழந்தையில் அவரை, அரிசி அளக்கிற சுண்டில் ஒரு சுண்டுத் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கினாள். அவர் அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே கலியாணம் முடித்து, அந்தப் பெண் செத்தபோது கொள்ளியும் வைத்தார். பெற்றவர்கள் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். தெல்தோட்டைப் பக்கத்தில் தவிட்டுக்குப் போன பிள்ளை போனதுதான். பன்விலயில் கெட்ட காலம் முடிந்ததும் அதே தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிவிடுவார்கள். இரண்டு ஊரும் கண்டியைச் சுற்றித்தான் இருக்கின்றன. வழக்கத்துக்குப் பெயரும் ஒன்றுதான். வித்தியாசத்தை அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"மாமி, பிள்ள எங்கிட்டயே இருக்குமா?"

"வாங்குனவகிட்ட இல்லாம வேற எங்க இருக்கும்?" என்றாள் பாலம்மா.

அது பொய் அல்ல.

ஐஸில் இருந்த கருவைப் பற்றி டொக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். மூன்றிலும் அது பலவீனமானது. வைத்தால் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நிற்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்த அறையில் கிடந்ததோ கையும் காலும் உதைத்துக்கொண்டு, நெற்றியில் கறுப்புப் பொட்டோடு, கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தது. ரஞ்சிதமலர் அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் புருஷனிடம், "அத வேணாம்னு எழுதிக் குடுத்துருவோங்க," என்றாள்.

"பொறகு பேசக் கூடாது," என்றான் சந்திரகுமார்.

"நான் என்ன பேசப் போறேன்? அதான் பிள்ள கெடச்சிருதே."

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

கிளினிக் வாவிக்கு மேலே ஒரு ஏற்றத்தில் இருந்தது. அங்கே இருந்த சிங்கள நர்ஸ் அவளை வருடக்கணக்காக அறிந்தவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார்.

"நங்கி, நல்லா யோசிச்சதா? பொறகு வந்து கேட்டா குடுக்க ஏலாது."

"யோசிச்சிட்டோம் மிஸ்."

"டொக்டரோட பேசுறதா?"

"வேணாம் மிஸ்." பிறகு ரஞ்சிதமலர் கேட்டாள்: "அத என்ன செய்வீங்க?"

"வெளியே எடுத்து வைக்கிறது. அவ்வளவுதான். தானாவே முடியும்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"எது?"

"வெளிய எடுத்து வச்ச பொறகு."

நர்ஸ் பேனையைச் சந்திரகுமாரின் பக்கம் நகர்த்தினார்.

இறங்கி வரும் வழியில் ஒரு பார்மசியில் அவன் பால் போத்தல் ஒன்றும் இரண்டு சூப்பியும் வாங்கினான். அவள் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். குண்டசாலை தாண்டும்போது, இந்நேரம் எடுத்து வைத்திருப்பார்கள் என்று ஒரு தடவை நினைத்தாள். பிறகு போத்தலை வெளியில் எடுத்து, மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

கொரோனாப் பயணத் தடை வருவதற்கு முந்திய கிழமை பன்வில லயத்தின் பின்புறத்தில் விற்பனை நடந்தது. குப்பைமேட்டைக் கூட்டிச் சாணம் தெளித்து, அதன் மேல் சுளகை வைத்து, சுளகில் பிள்ளையைக் கிடத்தினார்கள். விமலராஜ் கையைக் கழுத்துத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். தகப்பன் பார்க்கக் கூடாது. நிலூஷா முந்தானையை ஏந்தினாள். ரஞ்சிதமலர் சுண்டுத் தவிட்டை அதில் கொட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் கூடப் போடுங்க," என்று நிலூஷா சிரித்தாள். "நல்ல செவப்புப் புள்ள. எங்க வீட்டு வெல இன்னும் ஏறும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிலூஷாவின் ரவிக்கையில் பால் நனைந்து வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"வித்துட்டேன்," என்று நிலூஷா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவதைப் பாலம்மா அவளுக்காகச் சேர்த்துச் சொன்னாள்.

"வாங்கிட்டேன்," என்றாள் ரஞ்சிதமலர்.

"திரும்பிப் பாக்காமப் போ," என்றாள் பாலம்மா.

அவள் திரும்பிப் பார்க்காமல்தான் போனாள்.

யதுஷா என்று பதிவில் பெயர் இருந்தது. ரஞ்சிதமலர் அவளைத் தவிட்டம்மா என்று கூப்பிட்டாள். வேலையை விட்டாள். ஊரடங்கு, பயணத் தடை, அதற்குப் பிறகு பால்மா இல்லாத காலம், காஸ் இல்லாத காலம், கரண்ட் வெட்டு என்று நாடு ஒவ்வொன்றாய் இழந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அவளுக்கு மட்டும் எல்லாம் இருந்தது. பிள்ளையைப் புடவைத் துண்டில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு திகன டவுனில் பால்மா வரிசையில் நிற்பாள். வரிசையில் நின்ற பெண்கள், "ஒங்கடயா?" என்று கேட்டால், "எங்கடதான்" என்பாள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. முகம் சந்திரகுமாரின் முகம். தம்பி பிள்ளைக்கு அந்த முகம் வராமல் வேறு எங்கே வரும்?

சகீனா மட்டும் ஒரு நாள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டாள்: "மகள், இது எழுத்துல ஈக்கா?"

"எங்க ஆளுங்களுக்குள்ள எழுத்து எதுக்கு ராத்தா? தவிடு குடுத்து வாங்கியிருக்கேன்."

"எனக்கு ஒங்கட தவிடு தெரியா. கடதாசி ஈந்தா நல்லம்."

பெற்றவர்கள் வரவே இல்லை. கெட்ட காலம் முடியும்வரை அவர்கள் கண்ணில் பிள்ளை படக் கூடாது என்று சாத்திரியார் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியாது. வராததை அவள் சொல் தவறாமை என்று எடுத்துக்கொண்டாள். சந்திரகுமார் தினமும் கடையிலிருந்து வந்ததும் போனை எடுத்துப் பிள்ளையைப் படம் பிடிப்பான். சிரிக்கவைத்துப் பிடிப்பான், நடக்கவைத்துப் பிடிப்பான். அவன் இப்படி உருகுவான் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு படமும் அன்றன்றைக்கே பன்விலவுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தாள்.

பிள்ளை முதலில் சொன்ன சொல் 'அம்மா'. சொன்னது அவளைப் பார்த்து.

2023 தைப்பொங்கல் கழிந்து, சனிப் பெயர்ச்சியும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. பாலம்மா, விமலராஜ், நிலூஷா. சீனி அரியதரப் பலகாரம், புதுக் கவுன், ஒரு சொப்பிங் பையில் தவிடு. அவர்கள் வரப்போவது சந்திரகுமாருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவன் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே சவரம் செய்திருந்தான்.

பாலம்மா கதிரையில் உட்கார்ந்து பையை மேசைமேல் வைத்தாள்.

"கண்டம் கழிஞ்சிருச்சி மலரு. சாத்திரியார் பாத்துச் சொல்லிட்டாரு."

"என்ன மாமி சொல்றீங்க?"

"பிள்ளயக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கோம்."

"வித்த பிள்ளயக் கேக்குறீங்க."

"யாரு கேக்குறா? வாங்க வந்திருக்கோம். நீ ஒரு சுண்டு குடுத்த. நாங்க ரெண்டு சுண்டு கொண்டாந்திருக்கோம்."

"எங்க பக்கத்துல திருப்பிக் குடுக்குறதில்ல மாமி."

"ஒங்க பக்கத்து வழக்கம் ஒங்க பக்கத்துல. பிள்ள எங்க பக்கம்."

ரஞ்சிதமலரின் இடுப்பில் பிள்ளை அரியதரத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து மடக்கினாள்.

"நான் அந்த ஒண்ணையும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவ மாமி. நீங்க பிள்ளய வாங்கிக்கன்னு சொன்னதாலதான் குடுத்தேன்."

"அது நிக்கிறதா இருந்தா மொத ரெண்டும் நின்னிருக்கும்," என்றாள் பாலம்மா.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். கடையில் புடவை மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கையால் நீவி மடித்தான்.

"என்னாங்க."

"பிள்ள பெத்தவங்ககிட்ட இருக்கணும் மலரு," என்றான். "ரெண்டு வருசம் கெடச்சிச்சில்ல. எத்தன பேருக்கு அதுவும் கெடைக்கல."

நிலூஷா வந்து பிள்ளையைப் பிடித்தாள். பிள்ளை அவளைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. பிறகு ரஞ்சிதமலரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தத் தொடங்கியது. நிலூஷா அழுதுகொண்டே அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தாலிக்கொடியில் சிக்கியிருந்த கடைசி விரலைப் பாலம்மா பிரித்தாள்.

"இப்ப சொல்லு," என்றாள் பாலம்மா. "எனக்கு வேணாம், ஒம்பிள்ளய நீ எடுத்துக்கன்னு சொல்லு. அப்பத்தான் வித்தது முறியும்."

ரஞ்சிதமலர் தாலிக்கொடியை நேராக்கிக்கொண்டாள்.

"சொல்லிருங்க அண்ணி," என்றான் விமலராஜ். "ஒரு சொல்லு."

அவள் அவர்களைத் தாண்டிப் போய், மேசைமேல் இருந்த தவிட்டுப் பையை எடுத்து, வெளியில் நின்ற வேனின் முன் சீட்டில் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே வந்து, அவர்கள் பிள்ளையோடு இறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன் ஸ்டார்ட் பண்ணும் சத்தத்துக்கு மேலே பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டது, திகன சந்தி வரைக்கும் கேட்டதாகச் சகீனா சொன்னாள்.

அப்படியாகப் பிள்ளை போயிற்று, விலை போகவில்லை. வாங்கியவள் விட்டுக்கொடுக்காத பிள்ளை. அது பன்விலயில் இருந்தாலும் கணக்குப்படி அவளுடையது. இதை அவளைவிடப் பாலம்மா நன்றாக அறிந்திருந்தாள்.

பிள்ளை முதல் மாதம் சோறு தின்னவில்லை. காய்ச்சல் வந்தது. பாலம்மா ஆளனுப்பினாள்: ஒரு சொல் சொல்லச் சொல்லு. ரஞ்சிதமலர் சொல்லவில்லை. விமலராஜின் தோள் திரும்ப நொந்தது. மறுபடி ஆள் வந்தது. சொல்லவில்லை. சந்திரகுமார் கெஞ்சினான், திட்டினான், ஒரு தடவை கன்னத்தில் அறைந்தான். அவள் அறைந்த கையைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

கிளினிக்குக்கு ஒரு தடவை தனியாகப் போனாள். வேறொரு டொக்டர் இருந்தார். வயதைக் கேட்டார், இரத்தம் எடுத்தார், முட்டை அநேகமாக முடிந்துவிட்டது, வீண் செலவு என்று இங்கிதமாகச் சொன்னார். பழைய நர்ஸ் அவளைக் கண்டுவிட்டு, கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனார். பல்லேகலயில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மெஷினில் அல்ல, தைத்த சட்டைகளில் நூல் வெட்டும் மேசையில். பை சோதிக்கிறவள் இப்போது அவளுடைய பையைத் திறப்பதே இல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம் ரஞ்சிதமலருக்குள் ஒரு சின்ன இனிப்பு ஊறும். முதல் தடவை அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை விளங்கியது, வெட்கப்பட்டாள். அதற்குப் பிறகு வெட்கப்படவில்லை. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த வீடு பயந்துகொண்டிருந்தது. அவளிடம் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்ற வீடு, அவளிடம் ஒன்று இருக்கிறதென்று பயந்தது.

2025 ஆவணியில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து வந்து சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றது. நாலு வயது. இரட்டைப் பின்னல், கையில் சொப்பிங் பை. பை பாரமாக இருந்ததால் இரண்டு கையாலும் பிடித்திருந்தது. புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டிப் பிய்த்த அடையாளம். அதைச் சுற்றிப் பச்சையாய்க் கன்றிப்போயிருந்தது. போன கிழமை காய்ச்சலோடு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று ரஞ்சிதமலர் கேள்விப்பட்டிருந்தாள்.

"நீங்கதான் பெரியம்மாவா?"

ரஞ்சிதமலர் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஓ. நான்தான்."

"இது தவுடு." பிள்ளை பையைக் கதிரைமேல் ஏற்றி வைத்தது. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க மூச்சு எடுத்துக்கொண்டது. "பெரியம்மா, என்னைய வேணாம்னு சொல்லுங்க."

"யாரு சொல்லித் தந்தது?"

"அம்மா."

"அம்மா எங்க?"

"அந்தா, வெளிய கேட்டுக்கிட்ட நிக்கிறாங்க. உள்ளுக்கு வரக் கூடாதாம். வயித்துல தம்பி இருக்கானாம்."

ரஞ்சிதமலர் எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிலூஷா நின்றாள். வெயில் தலையில் அடித்தது. அவள் குடையைத் தலைக்குப் பிடிக்காமல், வீட்டுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"பாட்டி சொன்னிச்சி, நீங்க சொன்னா எனக்கு ஊசி போட மாட்டாங்களாம்," என்றது பிள்ளை. கன்றிய கையை முன்னால் நீட்டிக் காட்டியது. "இங்க போட்டாங்க. இங்கயும். ரொம்ப வலிக்கும், தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ரஞ்சிதமலர்.

பிள்ளையின் முகத்தை அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். அதில் அவளைத் தெரிந்த அடையாளம் ஒன்றும் இல்லை. முன்பு பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கிய வெள்ளைக் கரடிப் பொம்மை அலுமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. பிள்ளை அதைப் பார்த்தது, யாருடையது என்று கேட்கவில்லை, அடுத்த சாமானைப் பார்க்கப் போய்விட்டது.

"வேணாம்," என்றாள் ரஞ்சிதமலர்.

"முழுசாச் சொல்லணும்."

"எனக்கு நீ வேணாம். ஒங்க அம்மா எடுத்துக்கட்டும்."

"மூணு தரம்."

அவள் மூன்று தரம் சொன்னாள். பிள்ளை விரல் விட்டு எண்ணியது. எண்ணி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு ஓடியது. "அம்மா, பெரியம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க." பரீட்சையில் பாஸானதைச் சொல்வதுபோல அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

"வர்றோம் அக்கா," என்றாள் நிலூஷா கேட்டுக்கு வெளியிலிருந்தே. ரஞ்சிதமலர் பதில் சொல்வதற்குள் குடை திரும்பிவிட்டது.

தவிட்டை அவள் பின்பக்கம் கொண்டுபோய்ச் சகீனாவின் கோழிகளுக்கு விசிறினாள்.

"தவிடா? எங்கால, புள்ள?" என்று சகீனா கேட்டாள்.

"ஊருலருந்து குடுத்துவிட்டாங்க ராத்தா."

"நல்ல தவிடு," என்றாள் சகீனா. "கல்லில்ல."

அன்று பின்னேரமே பாலம்மா போன் எடுத்தாள். இரண்டரை வருடத்தில் முதல் தடவை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். மழை பெய்கிறதா என்று கேட்டாள். நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மூணாவதுன்னாலும் ஐப்பசியில நிலூஷாவுக்கு வளையல் போடுறோம்," என்றாள். "நீ வெள்ளனயே வந்துரு. பால் அடுப்புக்கிட்ட நிக்க ஆளில்ல."

"சரி மாமி," என்றாள் ரஞ்சிதமலர்.